மோர்ஸ் பேடில் கிட்டை சால்டர் செய்து பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலியில்) மோர்ஸ் அனுப்பப் பயன்படும் பேடிலைக் கிட்டாக வாங்கித் தானே பூட்டப் போகிறவர்களுக்காக இது. சந்தையில் பல வகைக் கிட்டுகள் உண்டு. இங்கே நான் முக்கியமாகப் பேசுவது பிசிபி (செம்புப் பரப்புள்ள சர்க்யூட் போர்டு) துண்டுகளையே உடம்பாக வைத்து, ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி சால்டர் செய்யும் வகையைப் பற்றி. மற்ற வகைகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

பேடிலுக்கும் சாதாரண கீக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்ட்ரெய்ட் கீ எனப்படும் சாதாரண கீயில் ஒரே ஒரு கை மேலும் கீழும் போகும். டிட் (குறுகிய ஒலி) எவ்வளவு நீளம், டா (நீண்ட ஒலி) எவ்வளவு நீளம் என்பது முழுக்க உங்கள் மணிக்கட்டின் பொறுப்பு. பேடிலில் இரண்டு தகடுகள் பக்கவாட்டில் அசையும். ஒன்றை அழுத்திப் பிடித்தால் டிட் டிட் டிட் என்று வந்துகொண்டே இருக்கும், மற்றதை அழுத்தினால் டா டா டா. அந்த நீளங்களை அளந்து கொடுப்பது கீயர் என்ற சர்க்யூட். இப்போது வரும் பெரும்பாலான எச்எஃப் ட்ரான்ஸீவர்களுக்குள்ளேயே (சிற்றலையில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோக்கள்) அது இருக்கிறது.

டா என்பது டிட்டைப் போல மூன்று மடங்கு, எழுத்துக்குள் இடைவெளி ஒரு டிட், எழுத்துகளுக்கு இடையே மூன்று, சொற்களுக்கு இடையே ஏழு. ஒரு டிட் எத்தனை மில்லி செகண்ட் என்று தெரிய வேண்டுமானால் 1200-ஐ வேகத்தால் வகுத்தால் போதும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் 60 மில்லி செகண்ட். உங்கள் பேடில் இந்த 60 மில்லி செகண்டுக்குள் தொட்டு, விட்டு, அடுத்ததற்குத் தயாராக வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் இடைவெளி, நேர்க்கோணம் என்று உயிரை எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

1904-இல் ஹொரேஸ் மார்ட்டின் காப்புரிமை வாங்கிய பக் கீயும் பக்கவாட்டில்தான் அசையும். ஆனால் அதில் டிட் மட்டும் அதிரும் கம்பியால் தானாக வரும், டாவைக் கையால்தான் போட வேண்டும். பேடில் அது அல்ல.

கிட்டைப் பிரித்தால் ஐசி இல்லை, ரெசிஸ்டர் இல்லை. ஏதாவது விட்டுப்போய்விட்டதா?

இல்லை. பேடில் என்பது இரண்டு ஸ்விட்ச், அவ்வளவுதான். மூன்று ஒயர்: டிட், டா, பொது. மின்சாரப் பக்கம் இதைவிட எளிய கிட் கிடைக்காது. அதனாலேயே பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கஷ்டம் முழுவதும் மெக்கானிக்கல் பக்கம் இருக்கிறது. சால்டர் இங்கே மின்சாரத்தை மட்டும் கடத்தவில்லை, கட்டடத்தையே தாங்கி நிற்கிறது.

சால்டரிங் எனக்கு இதுதான் முதல் தடவை. செய்யலாமா?

செய்யலாம். கால் ஒடிந்துவிடக்கூடிய சின்னச் சின்ன பாகங்கள் எதுவும் இதில் இல்லை, சூடு பட்டால் செத்துப்போகும் ஐசியும் இல்லை. ஆனால் இரண்டு போர்டுகளை நிமிர்த்திச் சேர்க்கும் வேலையை மட்டும் முதலில் பழைய போர்டுத் துண்டுகளில் செய்து பாருங்கள். சால்டர் எப்படி ஓடுகிறது, ஆறும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் மீதி சுலபம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

வெப்பநிலையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சால்டரிங் அயர்ன் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் அதன் முனை. ஊசி முனையை எடுத்து வைத்துவிடுங்கள், 2.5 அல்லது 3 மி.மீ. அகலமுள்ள உளி முனைதான் வேண்டும். பெரிய செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஊசி முனையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, நீங்கள் சூட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கடைசியில் பேட் (சால்டர் ஒட்டும் செம்புத் திட்டு) போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர், சின்ன மூலைமட்டம், நுண்ணிய ஃபைல், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ். மூலைமட்டம் இல்லையென்றால் ஒழுங்காக வெட்டிய மரக்கட்டையோ ஏதாவது ஒரு பெட்டியின் நேர் மூலையோ போதும். சால்டரை உறிஞ்சி எடுக்கும் செம்புப் பின்னல் ஒரு துண்டு கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் தேவைப்படும்.

எந்த சால்டர், எவ்வளவு சூடு?

63/37 (தகரம் 63, ஈயம் 37 சதவீதம்) ரோசின் கோர் கம்பி, அதாவது உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பொருள்) உள்ளது, 0.8 மி.மீ. தடிமன். இது 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். 60/40-இல் உறையும் முன் சில டிகிரிக்குக் கஞ்சிப் பதமாக ஒரு நிலை வரும். போர்டைக் கையால் நிறுத்திப் பிடித்திருக்கும்போது அந்த நேரத்தில் கை ஆடினால் இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாகப் போய்விடும். சாதாரண சர்க்யூட்டில் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம் இங்கே தெரியும்.

முனையின் சூடு 330 முதல் 350 டிகிரி. ஈயம் இல்லாத சால்டர் என்றால் அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், முனையை 370 வரை கொண்டுபோக வேண்டிவரும். இணைப்பும் பார்க்கக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது கோளாறு அல்ல.

குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். இன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், சில மாதத்தில் செம்பை அரித்துப் பச்சையாக்கிவிடும்.

புகை ஆபத்தா?

வருவது ஈயப் புகை அல்ல, ரோசின் ஃப்ளக்ஸின் புகை. ஆனாலும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தை நேர் மேலே நீட்டாமல் வேலை செய்யுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது கைவழியாக. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், நடுவில் எதையும் தின்னாதீர்கள்.

எதை முதலில் செய்வது?

கிட்டோடு வந்த தாளில் வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் எதையும் சால்டர் செய்யாமல் எல்லாவற்றையும் வெறுமனே கோத்துப் பாருங்கள். பள்ளத்தில் நுழைய வேண்டிய நாக்கு நுழைகிறதா, இறுக்கமாக இருந்தால் ஃபைலால் ஒரு இழுப்பு. கண்ணாடி நார் தூள் பறக்கும், அதை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிறகு பித்தளை நட்டுகள், பிறகு நிமிர்ந்து நிற்கும் போர்டுகள், பிறகு சாக்கெட் அல்லது கேபிள். கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகுதான் லீவர் (தகடைத் தாங்கி அசையும் கை), ஸ்பிரிங், காந்தம், ஸ்க்ரூ. காந்தம் எல்லாவற்றுக்கும் கடைசி, காரணம் கீழே இருக்கிறது.

போர்டை நேர் நிமிர்வாக நிறுத்த முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் சாய்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கிட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சால்டர் ஆறும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் நீளமாக சால்டர் ஓட்டினால், அது ஆறும்போது போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு உறுதியாகப் பிடித்தாலும் இழுக்கும். ஆகவே ஒரே மூச்சில் ஓட்டவே கூடாது. முதலில் ஒரு ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்தப் புள்ளியை மறுபடி உருக்கிக்கொண்டே போர்டை நேராக்குங்கள், அயர்னை எடுங்கள், அது உறையும்வரை அசையாமல் இருங்கள். நேரானதும் மறு ஓரத்தில், எதிர்ப் பக்கத்தில், இன்னொரு புள்ளி. மறுபடி மட்டம். இரண்டு புள்ளியில் போர்டு நிற்கிறது என்றால் இப்போது அதை எல்லாத் திசையிலிருந்தும் பாருங்கள், குறிப்பாக மேலிருந்து. நிமிர்வு சரியாக இருந்தும் போர்டு கொஞ்சம் திரும்பி நிற்பது உண்டு, அது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

சரியாக நிற்கிறது என்று திருப்தியான பிறகு, இடது பக்கம் 5 மி.மீ., வலது பக்கம் 5 மி.மீ. என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒவ்வொன்றும் ஆற அரை நிமிடம் கொடுங்கள். முனையை இரண்டு போர்டும் சேரும் மூலையில் படுக்கப் போட்டு, இரண்டு செம்பும் சூடான பிறகு கம்பியைச் செம்பில் தொடுங்கள், முனையில் அல்ல. சால்டர் தானாக மூலையில் ஓடி, உட்குழிந்த வளைவாக உட்கார வேண்டும். உருண்டையாகக் குந்திக்கொண்டிருந்தால் செம்பு சூடாகவில்லை என்று அர்த்தம்.

பெரிய செம்புப் பரப்பில் சால்டர் பிடிக்கவே மாட்டேன் என்றால் சூட்டை 380, 400 என்று ஏற்றாதீர்கள். கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, போர்டை முழுதாக ஒரு தடவை ஹேர் டிரையராலோ ஹாட் ஏர் கருவியாலோ மிதமாகச் சுட வைத்து, அப்புறம் அயர்னை வைத்துப் பாருங்கள். வேலை பாதியாகக் குறையும்.

நட்டில் சால்டர் பிடிக்கவில்லை!

அது பித்தளையா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ரோசின் ஃப்ளக்ஸால் சால்டர் பிடிக்காது, எத்தனை நேரம் சூடாக்கினாலும் பயனில்லை. பித்தளையாக இருந்தால் சொரசொரப்புத் தாளில் இரண்டு தேய்ப்பு, ஃப்ளக்ஸ், அப்புறம் சூடு, உடனே பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு தந்திரம். நட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஒன்றை முடுக்கி, அதையே கைப்பிடியாக வைத்துச் சரியான இடத்தில் நிறுத்திச் சால்டர் செய்யுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் சால்டர் ஒட்டாது என்பதால் நட்டின் திருகுப் புரியும் அடைபடாது, ஆறிய பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிவிடலாம். பித்தளை ஸ்க்ரூவை வைத்து இதைச் செய்தால் நட்டும் ஸ்க்ரூவும் ஒரே துண்டாகிவிடும்.

தொடுபுள்ளியில் சால்டர் பட்டுவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். சால்டர் மென்மையானது. ஸ்க்ரூ முனை ஆயிரக்கணக்கான தடவை அதில் தட்டும்போது குழி விழும், குழி விழுந்தால் நீங்கள் வைத்த இடைவெளி மாறும், கூடவே மேலே ஆக்ஸைடு படியும். செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். தங்கப் பூச்சுள்ள பேட் என்றால் அதை உரசாதீர்கள், பூச்சு மிக மெல்லியது. வேலை தொடங்கும் முன்பே தொடுபுள்ளிகள் மேல் வெப்பம் தாங்கும் கேப்டான் டேப் ஒட்டிவிட்டால் இந்தக் கவலையே வராது.

காந்தத்தை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறீர்கள்?

கிட்டில் வருபவை நியோடிமியம் காந்தங்கள். சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாகச் சக்தியை இழக்கத் தொடங்கும். உங்கள் அயர்ன் முனை 350-இல் இருக்கிறது. பக்கத்து இணைப்பைச் சூடாக்கினாலே செம்பு வழியாக அந்தச் சூடு வந்து சேரும். அதுபோக, அயர்ன் முனையின் மேலும் இரும்புப் பூச்சு இருக்கிறது, காந்தத்துக்கு அருகில் கொண்டுபோனால் இழுத்துக்கொள்ளும்.

ஒட்டும் முன் எந்தப் பக்கம் எதை நோக்க வேண்டும் என்று மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்பது கிட்டுக்குக் கிட் மாறும். லீவரை விரலால் தள்ளிவிட்டால் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும், அதுதான் பரீட்சை. எபாக்ஸி போட்டு ஒட்டியபின் கண்டுபிடித்தால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஸ்பிரிங் நல்லதா, காந்தம் நல்லதா?

இரண்டுமே வேலை செய்யும். காந்தத்தில் லீவர் நகர நகர விசை வேகமாக மாறும், அதனால் விரலுக்கு ஒரு 'டக்' தெரியும். ஸ்பிரிங்கில் விசை சீராகக் கூடும். எனக்குக் காந்தம் பிடிக்கும், ஆனால் மேசையில் கிடக்கும் இரும்புத் தூள், வெட்டிய கம்பித் துணுக்கு எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதில் ஒன்று தொடுபுள்ளிக்கு நடுவே விழுந்தால் போச்சு.

ஒயரை எங்கே எதில் இணைப்பது?

3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கில் நுனி டிட், நடு வளையம் டா, அடிப்பகுதி பொது. இதுதான் வழக்கம். வலது கைக்காரர் கட்டைவிரலால் டிட், ஆள்காட்டி விரலால் டா போடுவார், அதாவது இடது தகடு டிட். இடது கைக்காரர் என்றால் இரண்டையும் மாற்றிப் போடலாம், ஆனால் பெரும்பாலான ரேடியோக்களில் மெனுவிலேயே மாற்றும் வசதி இருப்பதால் வழக்கமான முறையில் இணைத்துவிட்டு அங்கே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். நாளைக்கு வேறொருவர் உங்கள் பேடிலில் உட்கார்ந்தாலும் சிக்கல் வராது.

சில ரேடியோக்களில் கீ சாக்கெட் 6.35 மி.மீ. இருக்கும். அடாப்டர் போடும்போது அது ஸ்டீரியோ அடாப்டர்தானா என்று பாருங்கள்.

பழைய இயர்போன் ஒயரைப் பயன்படுத்தலாமா?

மெல்லியது, வளையும், மூன்று ஒயர் இருக்கும். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு இழையின் மேலும் எனாமல் பூச்சு உண்டு, அதற்கு நடுவே நைலான் நூலும் ஓடும். அதை அப்படியே பேட் மேல் வைத்தால் சால்டர் மேலே உட்காருமே தவிர இணைப்பு இருக்காது. பயன்படுத்தியே தீருவேன் என்றால் அயர்ன் முனையில் ஒரு துளி சால்டரை உருக்கி வைத்து, இழைகளை அதற்குள் நுழைத்து, பூச்சு கருகி இழை வெள்ளியாக மினுங்கும்வரை வைத்திருங்கள். அதைவிட இரண்டு உள் ஒயரும் மேலே பின்னல் கவசமும் உள்ள மெல்லிய கேபிளை வாங்குவது நிம்மதி. கவசத்தைப் பொதுவில் சேருங்கள்.

பிளக்குக்கு சால்டர் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகுகிறது.

பிளக்கை ஒரு சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்யுங்கள். சாக்கெட் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் இளகினாலும் வளையங்கள் இடம் மாறாது. ரேடியோவின் சாக்கெட்டில் இதைச் செய்யாதீர்கள், தனி சாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் முனைக்கும் பிளக்கின் காதுக்கும் (ஒயரை சால்டர் செய்யும் இடம்) தனித்தனியாக முன்பே சால்டர் பூசிவிட்டு, பிறகு சேர்த்து வைத்து ஒரு தொடுதல். இரண்டு செகண்ட் வேலை.

ஆமாம், பிளக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாயையும் முதலிலேயே ஒயரில் கோத்துவிட்டீர்களா?

பவர் கொடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். யாரும் தொடாதபோது நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே சத்தம் வரக்கூடாது, வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையேயும் கூடாது. டிட் தகடை அழுத்தினால் முதலாவது பீப், டா தகடை அழுத்தினால் இரண்டாவது. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே இரண்டு தகடையும் ஒன்றாகப் பிழிந்தால் மட்டும் பீப் வரும், அது சரிதான், பொது வழியாகச் சுற்றி வருகிறது.

பிறகு ஓம் அளவுக்கு மாற்றி, தகடை மிக லேசாக, எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசாக அழுத்திப் பாருங்கள். எண் குதிக்காமல் ஓரிரு ஓமுக்குள் நின்றால் நல்லது. நூறு, ஐம்பது, பத்து என்று ஆடினால் தொடுபுள்ளி அழுக்கு, அல்லது ஃப்ளக்ஸ் படிந்திருக்கிறது.

இடைவெளி எவ்வளவு வைப்பது, எப்படி வைப்பது?

ஆரம்பத்துக்கு ஒரு சாதாரணத் தாளின் தடிமன். 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. இருக்கும். தாளைத் தொடுபுள்ளிக்கு நடுவே வைத்து, இழுத்தால் லேசான பிடிப்போடு வரும்படி ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள்.

எம்3 ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். ஆக 0.1 மி.மீ. என்பது ஐந்தில் ஒரு சுற்று, கடிகார முகப்பில் 12 நிமிடம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் 3 நிமிட அளவு திருப்பிப் பாருங்கள், விரலுக்கு வித்தியாசம் தெரியும். பல பேர் படும் எரிச்சல் என்னவென்றால், பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி லாக் நட்டை இறுக்கியவுடன் மாறிவிடுகிறது. மாறத்தான் செய்யும், நட் இறுகும்போது புரிகளுக்கு நடுவே உள்ள தளர்வை எடுத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். ஸ்க்ரூவை டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். அப்படியும் ஒரு துளி மாறும், எனவே இடைவெளியை வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்துவிட்டு இறுக்குவது பழக்கமாகிவிடும்.

தகடின் விரல் பிடிக்கும் இடம் தொடுபுள்ளியைவிடச் சுழலச்சிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால், அங்கே 0.1 என்பது விரலில் 0.2 ஆகும். ஒருவர் சொன்ன இடைவெளி இன்னொருவர் பேடிலில் வேறு மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுக்கம்: முதலில் கொஞ்சம் கனமாகவே வையுங்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு விரல் தகடிலேயே ஓய்வெடுக்கும் பழக்கம் இருக்கும், இறகு மாதிரி வைத்தால் வேண்டாத டிட்டுகள் கொட்டும். வேகம் கூடக் கூடக் குறைத்துக்கொள்ளலாம். டிட் பக்கமும் டா பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே பலம் அல்லவே.

ரேடியோவில் செருகியவுடன் டா டா டா என்று நிற்காமல் ஓடுகிறது!

மோனோ பிளக் போட்டிருக்கிறீர்கள், அல்லது வழியில் எங்கோ மோனோ அடாப்டர். மோனோ பிளக்கின் நீண்ட அடிப்பகுதி ஸ்டீரியோ சாக்கெட்டில் வளையத்தையும் பொதுவையும் ஒன்றாக்கிவிடும், ரேடியோ அதை டா தகடு அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். பிளக் சரியாக இருந்தால் வளையத்தின் காதிலிருந்து ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு மூடியைத் தொடுகிறதா பாருங்கள்.

டிட் பக்கம் அழுத்தினால் ஒரே நீண்ட சத்தம், டா பக்கம் எதுவுமே இல்லை.

பேடிலில் பழுதில்லை. ரேடியோவின் மெனு ஸ்ட்ரெய்ட் கீ என்று இருக்கிறது, பேடில் அல்லது கீயர் என்று மாற்றுங்கள்.

சில நேரம் கூடுதலாக ஒரு டிட் வந்து ஒட்டிக்கொள்கிறது. எங்கே தேடுவது?

மூன்று இடங்கள். முதலாவது தொடுபுள்ளி: அழுக்கோ ஃப்ளக்ஸோ இருந்தால் ஒரு தொடுதலை ரேடியோ இரண்டாக எண்ணும். ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாள் துண்டை நடுவே வைத்து, தகடை லேசாக அழுத்தி, தாளை இழுங்கள். கறுப்புக் கோடு வராத வரை செய்யுங்கள். சொரசொரப்புத் தாள் வேண்டாம். இரண்டாவது, சுழலச்சில் ஆட்டம். லீவரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் அங்கே வாஷரோ இறுக்கமோ தேவை.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. குறைந்த பவரில் ஒழுங்காக இருந்து, பவரை ஏற்றினால் மட்டும் டிட்டுகள் தாறுமாறாக வந்தால், நீங்கள் அனுப்பும் ஆர்எஃப் (ரேடியோ அலை) சக்தியே பேடில் ஒயர் வழியாகத் திரும்பக் கீயருக்குள் நுழைகிறது. ஆன்டெனாவைக் கழற்றி அதற்குப் பதில் டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) போட்டுப் பாருங்கள், கோளாறு மறைந்தால் சந்தேகமே இல்லை. டிட் கோட்டிலிருந்து பொதுவுக்கு ஒன்று, டா கோட்டிலிருந்து பொதுவுக்கு ஒன்று என 10 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்களை சாக்கெட்டுக்கு அருகில் வையுங்கள். ரேடியோவின் பக்கத்தில் ஃபெரைட் வளையத்தில் கேபிளை நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள்.

சி என்ற எழுத்தை அனுப்பினால் சரியாக வருகிறது, கே மட்டும் சியாகிவிடுகிறது. பூட்டியதில் தவறா?

இல்லை, இது ஐயாம்பிக் முறைகளின் வேலை. இரண்டு தகடையும் சேர்த்துப் பிழிந்தால் டாவும் டிட்டும் மாறி மாறி வரும். ஏ முறையில், விரலை எடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று முடிந்ததும் நின்றுவிடும். பி முறையில் அதற்கு எதிரானது இன்னும் ஒன்று சேர்ந்து வரும். கே என்பது டா டிட் டா. கடைசி டா ஓடும்போது விரலை எடுத்தால் ஏ முறையில் கே, பி முறையில் பின்னாலேயே ஒரு டிட் வந்து சி. எதில் பழகினீர்களோ அதையே மெனுவில் வையுங்கள். இன்னும் பழகவில்லை என்றால் ஏ முறை மன்னிக்கும் குணம் கொண்டது என்பது என் கட்சி, பி முறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

தட்டும்போது பேடில் மேசையில் ஓடுகிறது.

பிசிபி பேடில்களுக்கு எடை கிடையாது. கீழே அரை கிலோ அளவுக்கு இரும்புத் தகடு, அதன் அடியில் ரப்பர் கால்கள். போர்டுக்கும் தகடுக்கும் நடுவே காப்பு வையுங்கள், அடிப்பக்க சால்டர் முனைகள் இரும்பில் தொட்டால் ஷார்ட். மலையேறப் போகும்போது எடுத்துச் செல்பவர்கள் எடைக்குப் பதில் தொடையில் கட்டிக்கொள்கிறார்கள், அல்லது ரேடியோவின் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறார்கள்.

அசையும் பாகமே இல்லாத டச் பேடில் கிட் எப்படி?

அதில் டிடிபி223 போன்ற டச் சென்சார் ஐசி இருக்கும், விரல் பட்டதும் வெளியீடு மாறும். இடைவெளி, ஸ்பிரிங், அழுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பதிலுக்கு பேட்டரி வேண்டும், ஆர்எஃப் தொந்தரவு இதில் அதிகம், அப்புறம் விரல் தவறிப்போய் உரசினாலே டிட் விழும். டிடிபி223 சின்ன எஸ்எம்டி பாகம் (போர்டின் பரப்பிலேயே ஒட்டும் வகை), சால்டரிங்குக்குப் புதியவர் என்றால் ஐசி ஏற்கெனவே பொருத்திய போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

உரிமம் இல்லாமல் இதை வைத்துப் பழகலாமா?

ஒலிபரப்பாமல் பழக உரிமம் தேவையில்லை. தனிக் கீயர் போர்டும் ஒரு சின்ன பஸ்ஸரும் போதும். ரேடியோவிலேயே பழக வேண்டுமென்றால் பிரேக்-இன் (கீயை அழுத்தியதும் ரேடியோ தானாக அனுப்பத் தொடங்கும் வசதி) பொத்தானை அணைத்து வையுங்கள். பெரும்பாலான ரேடியோக்களில் அப்போது சைட்டோன் (நீங்கள் தட்டுவது உங்களுக்கே கேட்கும் ஒலி) மட்டும் கேட்கும், ஆன்டெனாவுக்கு எதுவும் போகாது. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு மோர்ஸ் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்கிறது, ஆகவே உங்கள் உரிமத்துக்கு அது தேவையா என்பதை உங்கள் நாட்டு விதியில் பாருங்கள்.

ஸ்பிரிங் தெறித்துப் போய்விட்டது, கிடைக்கவில்லை. இனி கிட் வீணா?

பால்பாயின்ட் பேனாவைப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, வெட்டிய முனையை அயர்னால் சுடாமல் மூக்கு இடுக்கியால் தட்டையாக வளைத்து மாட்டுங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இன்னும் இரண்டு சுருள் நீளமாக விட்டு வெட்டினால் இளகும். அடுத்த தடவை ஸ்பிரிங் மாட்டும்போது பேடிலை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, கைகளையும் உள்ளே விட்டு மாட்டுங்கள், தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.